சீர்த்தட்டில் ஒரு ரப்பர் ஷீட்

1

2026 மார்ச் 14, சனிக்கிழமை. காலையில் எழுந்து தேநீர் போட்டேன். வெள்ளைத் துணிகளை முதலிலும் நிறத் துணிகளைப் பிறகும் மெஷினில் போட்டேன். அடுத்த வாரத்துக்கான வேலைச் சட்டைகளைத் தேய்த்து, திங்கள் முதல் வெள்ளி வரை வரிசையாக மாட்டினேன். கணவர் சரக்குக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இரவு ஷிஃப்ட் முடித்து வந்து உறங்கிக்கொண்டிருந்தார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் தர்ஷினியும் உறங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஷிஃப்ட் எதுவும் இல்லை.

இன்றோடு நாங்கள் மெல்பர்னுக்கு வந்து பதினொரு வருஷம். முதல் வருஷம் இந்த நாளில் கேசரி கிளறி, கோயிலுக்குப் போய், ஃபோட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினோம். அடுத்த வருஷம் கேசரி மட்டும். இந்த வருஷம் துணி மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் நினைவே வந்தது.

நான் இலங்கையில் ருவான்வெல்லைக்கு மேலே உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தவள். பால்வெட்டப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. இங்கே டான்டெனோங் பகுதியில் குழந்தைகள் காப்பகம் ஒன்றிலும் அதே வேலைதான். அங்கே பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் துடைத்துவிடுவோம். இங்கே துடைத்துவிட்டு, துடைத்ததைத் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். எழுதுவது எனக்குப் பிடித்த காரியம் என்பதால் மேற்பார்வையாளருக்கு என்னைப் பிடித்துப்போயிற்று.

இரண்டாம் தவணைத் துணியைக் காயப் போடும்போது கதவு மணி அடித்தது. ஊரிலிருந்து பார்சல். அனுப்பியவர் பெயர் தம்பி சிவலிங்கத்தின் குண்டு எழுத்தில் இருந்தது. பெட்டியை யாரோ ஏற்கெனவே பிரித்து, மஞ்சள் டேப்பால் ஒழுங்காக மறுபடி ஒட்டியிருந்தார்கள். அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பிரித்தவரோடு புதன்கிழமையே ஃபோனில் பேசியிருந்தேன்.

2

இந்த நாட்டில் விதை, மண், பழம், காய் எது உள்ளே வந்தாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். எங்கள் பூச்சி இவர்கள் வயலில் குடியேறிவிடக் கூடாது என்ற பயம். நியாயமான பயந்தான். நாங்கள் குடியேறுவதற்கே எத்தனை தாள் கேட்டார்கள்.

புதன்கிழமை மதிய உணவு நேரத்தில் அழைத்த அதிகாரி மிகவும் மரியாதையான பெண். பார்சலில் மிளகு இருக்கிறது, காய்ந்த கறுப்பு நிறப் பொருள் ஒன்று இருக்கிறது, பெரிய விதைகள் இருக்கின்றன, துணி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கறுப்புப் பொருள் மீன் குழம்புக்குப் போடும் கொறக்கா என்றேன். விதைகள் பலாக்கொட்டை என்றேன். பிறகு அவர் சற்றுத் தயங்கி, இன்னொன்று இருக்கிறது, பழுப்பு நிறம், சுருட்டி வைத்திருக்கிறார்கள், புகை வாசம் வீசுகிறது, அது என்ன என்று கேட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ரப்பர் ஷீட். ஆனால் அவசரத்தில், தோட்டத்தில் வாழ்நாள் முழுக்கச் சொன்ன சொல்தான் ஆங்கிலத்தில் முதலில் வந்தது. "அது பால்" என்றேன். "மரத்துப் பால். எசிட் போட்டு உறைய வைத்து, உருளையில் அழுத்தி, புகையில் காய வைத்தது."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பால் பொருள்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, அங்கே மாற்றிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், வேண்டாம், டயர் செய்கிற பால் என்றேன். அதற்குப் பிறகு அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். மிளகையும் கொறக்காவையும் ஆராய்ந்துவிட்டு அனுப்பலாம், ஷீட்டும் பரவாயில்லை, பலாக்கொட்டை மட்டும் நாட்டுக்குள் வரக்கூடாது, அழித்துவிடச் சம்மதமா என்றார். சம்மதித்தேன். எந்த மரத்துப் பலாக்கொட்டை என்று எனக்குத் தெரியும் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஃபோனை வைத்த பிறகுதான் கேள்வி வந்தது. தம்பி எதற்காக எனக்கு ஒரு ரப்பர் ஷீட்டை அனுப்புகிறான்? அதுவும் என்னோடு பேசாமல் இருந்த இரண்டு வாரத்துக்குள்?

3

அவன் பேசாமல் போனதற்குக் காரணம் தர்ஷினியின் பள்ளிக்கூடப் பாடம்.

பொருளியல் பாடத்தில், வீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டிய ஓர் ஒப்படை. ஒரு நாடு வெளியே விற்பதைவிட அதிகமாக வெளியிலிருந்து வாங்கினால் அது வர்த்தகப் பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறைக்கும் நாட்டுக்குள் வரும் வெளிநாட்டு மூலதனத்துக்கும் என்ன உறவு என்று ஓர் உதாரணத்தோடு விளக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் பெரிய நாடுகளை எடுத்துக்கொண்டார்கள். இவள் மாமா வீட்டை ஒரு நாடாக எடுத்துக்கொண்டாள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அழைத்து, தம்பி மனைவி ராணியிடம் கேள்வி கேட்டாள். ஊருக்கு ஃபோன் போட்டால் "ஹாய் மாமா, பை மாமா" என்று இரண்டு சொல்லோடு எழுந்து போகிற பெண், முழுசாக முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ராணிக்கு ஒரே சந்தோஷம். வீட்டிலிருந்து வெளியே போவது என்ன? ரப்பர் பால், சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பால், கொஞ்சம் மிளகு, கொஞ்சம் பாக்கு. உள்ளே வருவது என்ன? அரிசி, பருப்பு, பால்மா, மண்ணெண்ணெய், கரண்ட், பிள்ளைகளின் கொப்பி, இந்த வருஷம் சீமெந்து, கம்பி, தகரம்.

அந்தச் சீமெந்தும் தகரமுந்தான் கதை. தம்பிக்குத் தோட்டத்தில் ஒரு மலையை, அதாவது ஒரு துண்டு ரப்பர் நிலத்தை, வருமானத்தில் பங்கு என்ற ஏற்பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். வெட்டுகிற பாலை அப்படியே சேகரிப்பவருக்கு ஊற்றிவிடுகிறான். அவர் சொல்வதுதான் விலை. பாலை உறைய வைத்து, உருளைகளில் கொடுத்து ஷீட்டாக்கி, புகைக்கூடத்தில் காய வைத்தால் நல்ல விலைக்கு நிதானமாக விற்கலாம். அதற்கு உருளை இரண்டும் ஒரு புகைக்கூடமும் வேண்டும். பழைய உருளைகள் ஒரு சோடி எஹலியகொடைப் பக்கம் விற்பனைக்கு இருந்தன. நான் சேமிப்பிலிருந்து போடுகிறேன், பாதிப் பங்கு எனக்கு என்று பேசி முடித்தோம். புகைக்கூடத்துக்கு என்று முதலில் கொஞ்சம் அனுப்பினேன். அதில்தான் சீமெந்தும் கம்பியும் தகரமும் வாங்கினான். மீதி உருளைக்கு. இப்போது மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்க்கிற காலம், பால் குறைவு. பால் கூடுவதற்கும் பெருமழைக்கும் முன்னால் கூரை ஏறிவிட வேண்டும். உருளைக்காரர் இந்த மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு கேட்கிற இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்.

தர்ஷினி படம் வரைந்தாள். நடுவில் மாமா வீடு. வெளியே போகும் அம்புக்குறி ஒல்லி, உள்ளே வரும் அம்புக்குறி பருமன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிவப்பு. அதை ஃபோட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்பினாள். ராணி அதைக் கோயிலில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறாள். அங்கே ஆங்கிலம் தெரிந்த யாரோ, சிவப்பில் எழுதியிருப்பது பற்றாக்குறை என்று வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் தம்பியின் குரல் பதிவு வந்தது.

"அக்கா, தர்ஷிகிட்ட சொல்லுங்க, மாமாவுக்கு அவ மேல கோவம் இல்ல. ஆனா உருளைக்கு அனுப்புறேன்னு சொன்ன மிச்சச் சல்லி வேணாங்க. தகரத்த அடுக்கி வச்சுட்டேன். நாங்க பால ஊத்தியே பொழச்சுக்குறோம். வாங்கித் தின்ற குடும்பம்னு வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்துல படம் போட்டுக் காட்டியாச்சு. போதும்."

அதன் பின்னாலேயே ராணியின் குரல்.

"மதினி, அவரு பேச்ச பெருசா எடுக்காதீங்க. நான்தான் அந்தப் படத்தக் காட்டினேன். புள்ள நம்ம வீட்ட வரைஞ்சிருக்கான்னு பெருமையாக் காட்டினேன். சிவப்புல போட்டா கேவலம்னு எனக்கு எப்படிங்க தெரியும்? அழகா இருந்திச்சு."

தர்ஷினிக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. தம்பி அதற்குப் பிறகு ஃபோன் எடுக்கவில்லை.

4

பார்சலை உடனே பிரிக்கவில்லை. சனிக்கிழமை என்றால் முதலில் மரக்கறி வாங்கிவிட வேண்டும், கடையில் நல்ல கத்தரிக்காய் மத்தியானத்துக்குள் போய்விடும். தர்ஷினியை எழுப்பி, பை தூக்க அழைத்துக்கொண்டு ஃபாரூக் நானாவின் கடைக்குப் போனேன்.

ஃபாரூக் நானா எஹலியகொடைக்காரர். நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். அங்கே அவர் குடும்பத்துக்கு பஜாரில் புடைவைக் கடை. இங்கே அரிசி, கருவாடு, தேங்காய்ப்பால், அப்பச்சட்டி. இந்தத் தெருவில் யாழ்ப்பாணத்தவர்கள் நிறைய. அவர்களோடு பேசும்போது நான் அவர்களைப் போல "நாங்கள்" என்று தொடங்கி, தோட்டத்துப் பேச்சில் "நாங்க" என்று முடித்துவிடுவேன். ஃபாரூக் நானாவிடம் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு பேரும் பாதி வசனத்தைச் சிங்களத்தில் முடித்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு கிலோ சிவப்பு மைசூர்ப் பருப்பு பக்கெட்டை எடுத்து, உறை மேலிருந்த எல்லா எழுத்தையும் வழக்கம்போல வாசித்தேன். கொழும்பில் அடைத்தது. கீழே சின்ன எழுத்தில், விளைந்த நாடு ஆஸ்திரேலியா.

"நானா, இது என்ன கூத்து?"

"கூத்து இல்ல தங்கச்சி. இந்தப் பருப்பு இங்க வெளைஞ்சி, கப்பல்ல கொழும்புக்குப் போய், பக்கெட்டுக்குள்ள பூந்து, திரும்பி வந்தீக்கி. ரெண்டு தரம் கடல் தாண்டினது. நீங்க ஒரு தரந்தானே? மரியாதையாப் புடிங்க."

தர்ஷினி பக்கெட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். அவளுக்கு உற்சாகம் வந்தால் பேச்சில் தமிழ் குறைந்துவிடும். அவள் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"அம்மா, நீங்கள் மாமாவுக்கு அனுப்புகிற டாலர் எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்?"

"ருவான்வெல்லைக்கு."

"போகவே இல்லை. ருவான்வெல்லையில் டாலரை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?"

ஃபாரூக் நானாவுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. கல்லாவை மூடிவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"புள்ள சொல்றது சரி. ஒங்க தம்பிக்கு ரூவா வேணும். கொழும்புல பருப்பு எறக்குற மொதலாளிக்கு டாலர் வேணும். பேங்க் நடுவுல நிண்டு மாத்தி உடுது. தம்பிக்கு ரூவா, மொதலாளிக்கு ஒங்கட டாலர். அவரு அதக் கொண்டந்து இங்கத்த வெவசாயிக்குக் குடுக்குறாரு. ஒங்க டாலர் ஊரவிட்டே போகல்ல. போனது பருப்பு."

நான் கையிலிருந்த கத்தரிக்காயைப் பைக்குள் போட்டேன். பதினொரு வருஷமாகப் பணம் அனுப்புவதாக நினைத்திருந்தேன். பருப்பும் பெட்ரோலும் பால்மாவும் அனுப்பியிருக்கிறேன்.

"வங்கி அந்த டாலரை யாருக்கும் விற்காமல் பூட்டி வைத்தால்?" என்று கேட்டேன். ஒரு விஷயத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது என் பழக்கம்.

"அப்போது நம் ஊர் ஆஸ்திரேலியாவுக்குக் கடன் கொடுத்தது போல. உள்ளே வந்த மூலதனம் உடனே வெளியே போய்விட்டது, அவ்வளவுதான்" என்றாள். ஓட்டை இல்லை.

ஊரில் இதை வாசிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். நாங்கள் எல்லாரும் நினைப்பது என்ன? முதலில் அளவுக்கு மீறி வாங்குகிறோம், கை கடிக்கிறது, பிறகு வெளியே கடனுக்குப் போகிறோம். அப்படியும் நடக்கும். ஆனால் பல நேரம் வரிசை தலைகீழ். வெளியே இருக்கிற ஒருவர் உள்ளே பணம் போட விரும்புகிறார். அந்தப் பணம் கடைசியில் பொருளாகத்தான் உள்ளே வர முடியும். நான் புகைக்கூடத்தில் பங்கு போட்டால், அந்த வருஷம் தம்பி வீட்டுக்குள் சீமெந்தும் உருளையும் வரும். விற்றதைவிட வாங்கியது கூடும். பற்றாக்குறை என்று சிவப்பில் போடுவார்கள். என் பங்கும் வேண்டும், சிவப்பும் கூடாது என்றால் நடக்காது. அது ஒரே துணியின் இரண்டு பக்கம். நாட்டுக்கும் இதே கணக்குத்தான் என்கிறாள் மகள். ஊருக்கு நாம் உதவியாக அனுப்புவதும் அந்த இடைவெளியில் ஒரு பகுதியை அடைக்கும். ஆனால் உதவியைத் திருப்பித் தர வேண்டியதில்லை. மூலதனத்துக்கு ஒரு நாள் பங்கு கேட்டு ஆள் வருவார். வித்தியாசம் அவ்வளவுதான்.

2022இல் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற கியூ காலம் எல்லாருக்கும் நினைவிருக்கும். தம்பி வெறும் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு கேகாலை வீதியில் நின்ற வருஷம். பால்மா இல்லை, பெட்ரோல் இல்லை. சனங்களுக்குத் திடீரென்று சிக்கன புத்தி வந்துவிட்டதா? வெளியே இருந்து வரும் கடன் நின்றது, அதனால் வாங்குவதும் நிற்க வேண்டியதாயிற்று. அம்புக்குறியில் ஒரு பக்கத்தை வெட்டினால் மறுபக்கமும் மெலிந்துவிடும். அந்த மெலிவைப் பார்த்து யாரும் சந்தோஷப்படவில்லை.

"அப்ப மாமா வீட்டச் சிவப்புல போட்டது தப்பில்லையா?" என்றார் ஃபாரூக் நானா. தம்பி கோபித்துக்கொண்ட கதையைப் போன வாரமே அவரிடம் சொல்லியிருந்தேன்.

"இந்த நாட்டையே பல வருஷம் சிவப்புல போட்டிருக்கு அங்கிள்" என்றாள் தர்ஷினி. வெளிநாட்டுக்காரர்கள் இங்கே சுரங்கத்திலும் கட்டடத்திலும் பணம் போட்டார்கள். அந்தக் காலங்களில் ஆஸ்திரேலியா விற்றதைவிட வாங்கியது கூட இருந்ததாம். "யாரும் அழலை. வந்த பணத்துல என்ன செஞ்சாங்க, அதுதான் கொஸ்டின்."

"கேட்டீங்களா தங்கச்சி? ஒங்க தம்பியும் ஆஸ்திரேலியாவும் ஒண்டு. இத மொதல்ல அவருக்குச் சொல்லி ஈக்கணும்."

பருப்பு பக்கெட்டுக்குக் காசு கொடுத்து வெளியே வந்தோம்.

5

பார்சலைச் சாயங்காலம் பிரித்தோம். மேலே மிளகு. அதன் கீழே கொறக்கா. பலாக்கொட்டை இருந்த இடத்தில், சட்டப்படி அழிக்கப்பட்டது என்று ஒரு தாள். அடியில் சுருட்டிய ரப்பர் ஷீட். அதை விரித்ததும் உள்ளே மடித்து வைத்திருந்த துணி விழுந்தது. தர்ஷினிக்கு ஒரு பாவாடைத் துணி, மயில் கழுத்து நிறம். துணியின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

மஞ்சளைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் பொருள் ஒரு திசையில்தான் போகும். பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்கு. அண்ணன் தம்பி அக்கா தங்கைக்குச் சீர் கொண்டுவருவான். அவள் மகளுக்குத் தாய்மாமன் சீர் வைப்பான். கையில் இல்லாவிட்டாலும் கைமாற்று வாங்கி வைப்பான். தர்ஷினி பெரியவளானபோது நாங்கள் இங்கே இருந்தோம். சிவலிங்கத்தால் வர முடியவில்லை. அது அவன் மனசில் கிடந்திருக்கிறது. அதற்கு மேல் அக்காவிடமிருந்தே பணம் வாங்கித் தொழில் தொடங்குவது. அதற்கும் மேல், அந்தத் திசையை மருமகளே அம்புக்குறியாகப் போட்டுச் சிவப்பு அடித்து அனுப்பிவிட்டாள். பாவம், அவனுக்குக் கோபம் பற்றாக்குறையின் மேல் இல்லை. அம்பு தலைகீழாகப் போனதில்தான்.

தர்ஷினியிடம் சொன்னேன். அவள் துணியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூலையிலிருந்த மஞ்சளை விரலால் தேய்த்தாள். பாவாடை கட்ட மாட்டேன் என்று போன பொங்கலுக்கு என்னோடு சண்டை போட்டவள் இவள்தான்.

"மாமாவுக்கு வீடியோ போடுங்க" என்றாள். "சீர்னா எப்படி வைக்கணும்?"

"தட்டுல வைக்கணும். ஒற்றைப்படையில. அஞ்சு, ஏழு, ஒன்பது."

எண்ணினாள். மிளகு, கொறக்கா, துணி, ஷீட். நாலு. சட்டப்படி அழிக்கப்பட்டதுதான் ஐந்தாவது. இரட்டைப்படையில் சீர் வைக்கக் கூடாது. நான் தேங்காய் தேடிக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். அவள் அதற்குள் ஃபாரூக் நானா கடைச் சிவப்புப் பருப்பை ஐந்தாவது தட்டில் கொட்டி, கையால் கோபுரமாகக் குவித்துவிட்டாள்.

எங்களுக்கு விளக்கு வைக்கும் நேரம், அங்கே மத்தியானம். ராணிதான் எடுத்தாள். எடுத்தவுடன் ஃபோனைத் தம்பியின் முகத்துக்கு நேரே பிடித்துவிட்டாள். அவன் சோற்றுக் கையோடு மாட்டிக்கொண்டான்.

"என்ன அக்கா, பார்சல் வந்திச்சா?"

"வந்திச்சுடா. சாமிப் படத்துக்கு முன்னால வச்சிருக்கோம், பாரு."

தர்ஷினி ஃபோனை வாங்கி ஒவ்வொரு தட்டாகக் காட்டினாள். அவன் வாய்க்குள் எண்ணினான்.

"அஞ்சு. ஹரி, சரிதான். ஆனா அந்தச் செவப்பு நம்மது இல்லையே? பலாக்கொட்ட எங்க?"

"பலாக்கொட்டைக்கு விசா கெடைக்கல மாமா" என்றாள் தர்ஷினி.

ராணி அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. தம்பிக்கும் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டான்.

"ஷீட்ட எதுக்குடா அனுப்பின?" என்றேன்.

"ஒரு நாள் பால மட்டும் ஊத்தாம எடுத்துவச்சு, அடுத்த மலையில கெஞ்சி உருளையில குடுத்து எடுத்தேன். எங்க வீட்டுல இருந்தும் வெளிய சாமான் போகுதுன்னு தர்ஷி அவ பள்ளிக்கூடத்துல காட்டட்டும்னுதான். அவ அம்புக்குறி கொஞ்சம் பெருக்கட்டும்."

"தபால் செலவு எவ்வளவு ஆச்சு?"

"அதக் கேக்காதீங்க மதினி" என்றாள் ராணி. "அதுக்கு ஒரு மாசம் மீன் வாங்கலாம்."

தர்ஷினி பேசத் தொடங்கினாள். தமிழிலேயே பேசினாள். முறிந்து முறிந்து வந்தது, நான் திருத்தவில்லை.

"மாமா, அந்தச் செவப்பு கெட்டது இல்ல. அம்மா சல்லி சும்மா தரல. பாதி ஷீட் அம்மாது. இப்ப சாமான் உள்ள வரும், சீமெந்து, உருளை. அப்ப செவப்புதான். அப்புறம் நீங்க ஷீட் விக்கணும், நெறைய. வாங்குறதவிட நெறைய. ஏன்னா அம்மா பங்கு வெளிய அனுப்பணும். அப்ப அம்பு இந்தப் பக்கம் வரும்."

"எந்தப் பக்கம்?"

"எங்க பக்கம். அம்மாகிட்ட நான் பேசிட்டேன்." இது பச்சைப் பொய். என்னிடம் எதுவும் பேசவில்லை. "அம்மா பங்கு அம்மாவுக்கு வேணாம். எனக்கு. தாய்மாமன் சீரா எனக்கு அனுப்புங்க. ஒவ்வொரு வருஷமும். நீங்க உருளை வாங்கலன்னா என் கல்யாணத்துக்கு என்ன கொண்டு வருவீங்க? வெறும் மிளகையா?"

சிவலிங்கம் கையைத் தட்டில் உதறிவிட்டு, சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கேட்டியா?" என்றான் ராணியிடம். "இவ என்னய உருளையில குடுத்து எடுக்குறா."

"நல்லா எடுக்கட்டும். கரைஞ்சுபோன மனுசன் கொஞ்சம் கெட்டியாகட்டும்."

"அக்கா" என்றான். "எடுத்துக்குங்க மொதல்ல. தட்டை அவ கையில குடுங்க. நான் பாக்கணும். அதுக்குப் பிறகு சல்லி கதைப்போம்."

ஃபோனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மகள் கையில் கொடுத்தேன். டீசர்ட்டுக்கு மேல் மயில் கழுத்துத் துணியை மாராப்பாகப் போட்டுக்கொண்டு நின்றாள். ராணி அங்கிருந்தே குலவையிட்டாள். சத்தத்துக்குக் கணவர் எழுந்து வந்து, வீடு முழுக்க ஏன் புகை வாசம் என்று கேட்டார். ரப்பர் ஷீட் என்றேன். சாமி கும்பிட்டுவிட்டு, வேலை உடுப்பு மாற்றப் போனார்.

"புகைக்கூடம் கட்ட மேசன் பாஸ் புதன்கிழம வருவாரு" என்றான் தம்பி கடைசியாக. "உருளக்காரர்கிட்ட நாளைக்கே சொல்லிடவா?"

"சொல்லு."

"ஹரி அக்கா. தர்ஷி, அந்தப் படத்த மாத்தி ஒண்ணு வரைஞ்சு அனுப்பு. ராணி கோயில்ல காட்டணும்."

6

மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் தேநீர்கூடப் போடாமல் ஃபோனை எடுத்து, உருளைக்கான பணத்தை அனுப்ப உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னால் விழிக்காத தர்ஷினி, போர்வையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயர், வங்கி, தொகை எல்லாம் நிரப்பினேன். என்ன காரணத்துக்காக அனுப்புகிறீர்கள் என்று வழக்கமான கேள்வி வந்தது. பதினொரு வருஷப் பழக்கத்தில் என் விரல் "குடும்ப உதவி"க்குப் போயிற்று. அவள் என் விரலைப் பிடித்து, இரண்டு வரி கீழே கொண்டுபோய் "முதலீடு" என்ற இடத்தில் வைத்து அழுத்தினாள்.